லயத்துக்குக் காவல் யார்?

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே பல்கலைக்கழக மாணவ உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

தோட்டப்புறத்திலே களவும் கேடும் குறைய நம்மாலாவது என்ன என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்திருக்கிறார்கள். இது பொலிஸாருக்குரிய பொருளாயிற்றே, படிக்கின்ற பிள்ளைக்கு இதிலே என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். அந்த எண்ணத்தை முதலில் அகற்ற வேண்டும் என்பதற்காகவே நான் இந்தப் பணியை ஏற்றுக்கொண்டேன்.

நான் மிஷன் பாடசாலையிலே பயின்றவன். அங்கே சின்ன வகுப்பிலேயே காயீன் கதையைச் சொல்லித் தருவார்கள். தம்பி எங்கே என்று கேட்கப்பட்டபோது, தம்பிக்குக் காவல் நிற்பது தன் வேலையன்று எனக் கைவிரித்தவன் அவன். பின்னர் தமிழிலக்கியம் படிக்கப் புகுந்தபோது, மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியிலே வேறொரு காட்சியைக் கண்டேன். நள்ளிரவு, கொட்டும் மழை, ஊர் உறங்குகிறது. ஊர்காப்பாளர் மட்டும் உறங்கவில்லை. கள்வர் எந்தெந்த வழியில் வருவர் என்பதை அறிந்தவர்களாய்த் தெருத்தெருவாய்ச் சுற்றி வருகிறார்கள். காயீனின் கைவிரிப்பு ஒருபுறம். ஊர்காப்பாளரின் விழிப்பு மறுபுறம். நம்முடைய லயங்கள் எதன் பக்கம் நிற்கின்றன? இதுவே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

தேயிலைக்குக் காவல் உண்டு

நுவரெலியாவிலிருந்து ஹட்டன்வரை எந்தத் தோட்டத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலை ஸ்டோருக்குக் காவற்காரர் உண்டு. கொழுந்து மலையிலேயே நிறுக்கப்படுகிறது; ஸ்டோரிலே மறுபடியும் நிறுக்கப்படுகிறது. ஒரு கிலோ குறைந்தாலும் கணக்கிலே அகப்பட்டுவிடும். நல்லது. ஆனால் அந்தக் கொழுந்தைப் பறித்த தாயின் காம்பராவுக்குக் காவல் எது? ஒரு சிறிய பூட்டு. அதுவும் பல வீடுகளில் ஒரு தட்டுக்குத் தாங்காது.

காலையிலே பிரட்டுக்குப் போன தாய், மலையிறங்கி வருவது மாலையிலே. இடைப்பட்ட நேரத்தில் லயத்திலே இருப்பவர் யாவர்? ஸ்தோப்பிலே குந்தியிருக்கும் பாட்டனார், காய்ச்சலில் படுத்திருப்பவர், பள்ளிக்கூடம் போகாத பிள்ளை. அடகுக்குப் போகாமல் மிஞ்சிய தோடு தகரப்பெட்டியிலே இருக்கிறது. லயத்துக்குப் பின்னே கோவாவும் கரட்டும் லீக்ஸும் விளைந்து நிற்கின்றன. மதுரையின் கள்வர் இருளிலே வந்தனர். லயத்துக்கு வருகின்ற கேடோ பெரும்பாலும் பட்டப்பகலிலே வருகிறது. கசிப்புப் போத்தல் கைமாறுவதும் பகலிலே. வீட்டுவேலைக்குப் பிள்ளை பிடிக்கும் தரகன் படியேறி வருவதும் பகலிலே.

ஆகவே தோட்டத்திலே காவல் இல்லை என்று சொல்லவே கூடாது. காவல் இருக்கிறது, அது தேயிலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மனிதரைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

வாய்ப்பூட்டு

இஃது ஏன் இப்படியாயிற்று? பெரியோர்கள் அறிந்த வரலாறுதான். வாலிபர் பொருட்டுச் சுருங்கச் சொல்கிறேன்.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டு நீங்கிய தொழிலாளி குற்றவாளி; அவன் சிறைக்கும் போக நேரிடும். அதன்மேல் துண்டு முறை வேறு. கடன் இவ்வளவு என்று எழுதிய துண்டு இல்லாமல் இன்னொரு தோட்டம் அவனைச் சேர்த்துக்கொள்ளாது. 1921ஆம் ஆண்டில்தான் அது சட்டத்தால் தடுக்கப்பட்டது. அதுவரையில் தோட்டத்திலே குற்றம் என்று பெரிதாகப் பேசப்பட்டது எது? தொழிலாளியின் வீட்டிலே களவு போனதன்று. தொழிலாளியே போய்விட்டதுதான் குற்றம்!

பொலிஸாரைப் பற்றிய அச்சமும் வீணாக வந்ததன்று. 1940ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்திலே, வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்ட குண்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். அப்பெயரை மலைநாடு மறக்கவில்லை. காக்கிச் சட்டை துரைக்காக வருமேயன்றி நமக்காக வராது என்னும் எண்ணம் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக ஊறிவிட்டது. அதன் பயனாக ஒரு பழக்கமும் வேரூன்றியது: "தோட்டத்து விஷயம் தோட்டத்தோடு இருக்கட்டும்."

அன்பர்களே, அன்றைக்கு அந்தப் பழக்கம் நமக்குக் கவசமாக இருந்தது. இன்றைக்கு அதுவே கள்வனுக்குக் கவசமாகிவிட்டது. நாம் வாய்திறக்க மாட்டோம் என்பதை நம்மைக் காட்டிலும் அவன் நன்றாக அறிந்து வைத்திருக்கிறான்.

இந்த வாய்ப்பூட்டை உடைக்க முதலில் முனைந்தவர்களுள் ஒருவர் தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேச ஐயர். வெளியார் தோட்டத்துக்குள் நுழைய இயலாத அந்நாளிலே, அவர் புடவை வியாபாரி வேடம் பூண்டு லயங்களுக்குப் போனார் என்று சொல்வர். 1920களிலே தேசநேசன், தேசபக்தன் ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். எழுத்தறியாதவரும் அறிந்துகொள்ளும்படி அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் செய்தியைப் பாட்டாக்கிப் பாடினார். 1931ஆம் ஆண்டில் ஹட்டனிலே தொழிலாளர் சம்மேளனம் பிறந்தது. லயத்திலே நடப்பதை லயத்துக்கு வெளியே அறியச் செய்ததும், வெளியே உள்ள சட்டத்தை லயத்துக்குள் அறியச் செய்ததும் அவர்கள் செய்த பெரும் காவல். செய்தியே ஏழைக்கு முதற் காவற்காரன் என்பதை நான் அவர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

சொல்லப்படாத செய்தி

ஒரு சாவு நேர்ந்தால் தப்புச் சத்தம் கேட்கிறது. சற்று நேரத்திலே மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் கூடிவிடுகின்றன. இது நம் மக்களின் தனிப்பெருமை. ஆனால் உயிரோடு இருக்கும் ஒரு பிள்ளை தோட்டத்தை விட்டுப் போகும்போது எந்தத் தப்பும் கேட்பதில்லை. "மக எங்கே அக்கா?" என்றால், "கொழும்பிலே நல்ல இடம், சாப்பாடு துணிமணி எல்லாம் தருவாங்களாம்" என்று தாழ்ந்த குரலிலே பதில் வருகிறது. வீட்டின் முகவரி தெரியாது. எஜமானின் பெயர் தெரியாது. தரகனின் தொலைபேசி இலக்கம் மட்டும் தெரியும். அதுவும் சில நாளில் வேலை செய்யாது.

2009ஆம் ஆண்டிலே மஸ்கெலியாப் பகுதித் தோட்டத்திலிருந்து வேலைக்குப் போன இரண்டு சிறுமியர் கொழும்பிலே கால்வாயில் பிணமாக மீட்கப்பட்டனர். 2021ஆம் ஆண்டு ஜூலையிலே டயகமவைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுமி, கொழும்பு வீடொன்றிலே வேலைக்கிருந்தவள், தீக்காயங்களோடு வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு உயிர்நீத்தாள். அப்போது மலைநாடு முழுவதும் வீதியில் இறங்கி நீதி கேட்டது. கேட்டது சரியே. ஆயினும் அந்தப் பிள்ளைகள் புறப்பட்ட நாளிலே ஒருவராவது எழுந்து கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

வேலைக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயது 14 ஆக இருந்தது, 2021ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தால் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் சட்டம் காகிதத்திலே இருக்கிறது. தரகன் ஸ்தோப்பிலே உட்கார்ந்திருக்கிறான். அந்தச் சட்டத்தை ஸ்தோப்புக்குக் கொண்டுவர வேண்டியவர் யார்? படித்த வாலிபராகிய நாமேயன்றி வேறு யார்? தாய் தகப்பனைக் குற்றஞ்சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அரைப்பேர் விழுந்த மாதத்திலே அடுப்பு எப்படி எரியும் என்பதை நானும் அறிவேன். அந்த வறுமையை அறிந்துதானே தரகனும் வருகிறான்? அவன் வந்து போனதை லயம் முழுவதும் அறிந்துவிட்டால் அவன் கால் தயங்கும். அவ்வளவுதான் நான் சொல்வது.

செய்தியும் வதந்தியும்

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சொல்லப்படாத செய்தி கெடுதல் செய்கிறது. ஆராயப்படாத செய்தியோ கொன்றே விடுகிறது.

சிலப்பதிகாரத்தை நாம் மேடைதோறும் போற்றுகிறோம். கோவலனைக் கொன்றது எது? பொற்கொல்லன் சொன்ன ஒரு செய்தி. காணாமற்போன சிலம்பின் கள்வன் இதோ இருக்கிறான் என்று அவன் சொன்னான். சொன்னவன் யார், அவனுக்கு இதிலே இலாபம் என்ன என்று பாண்டியன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மைக் கள்வன் அரண்மனை வாசலிலேயே அகப்பட்டிருப்பான், மதுரையும் எரிந்திராது.

இது பழங்கதைதானே என்று தள்ளிவிட வேண்டாம். 1983ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் வெள்ளிக்கிழமை, கொழும்பிலே புலிகள் வந்துவிட்டார்கள் என்று ஒரு வதந்தி பரவிற்று. சற்றே தணியத் தொடங்கியிருந்த கொலைவெறி மீண்டும் மூண்டது. குற்றமற்ற தமிழர் பலர் மாண்டனர். வதந்திக்குப் பலியான இனம் நாம். அப்படிப்பட்ட நாம் வதந்தியை இன்னொருவர் மேல் ஏவலாமா?

2018ஆம் ஆண்டு மே மாதத்திலே தமிழகத்தின் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த ஒரு மூதாட்டி, வழியிலே கண்ட பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருப்பதாகத் தொலைபேசிகளிலே முன்னரே வதந்தி பரவியிருந்தது. ஊரார் திரண்டு அடித்ததில் அந்த அம்மையார் உயிரிழந்தார். அடித்தவர்கள் தங்களைக் கொலைகாரர் என்று எண்ணவில்லை. ஊரைக் காப்பவர்கள் என்றே எண்ணினார்கள்! அந்த ஆண்டிலேயே வட்சப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்களுக்குமேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு விதித்தது. இயந்திரத்துக்கே கட்டுப்பாடு வேண்டியிருக்கிறதென்றால் நம் நாவுக்கு வேண்டாமா?

ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் மூன்று கேள்விகள் கேட்போம். கண்ணால் கண்டவர் யார்? கண்டது எப்போது, எங்கே? இதை அறிய வேண்டியவர் யார்? மூன்றுக்கும் விடை கிடைத்தால் அது செய்தி. உரியவரிடம் உடனே சொல்ல வேண்டும். விடையில்லையென்றால் அது வதந்தி. நம்மோடு அது நின்றுவிட வேண்டும்.

சமாதானம் எதுவரை?

இப்போது பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். வயதிலே சிறியவன் சொல்கிறேன், பொறுத்தருள வேண்டும்.

தோட்டத்திலே ஒரு வழக்கென்றால் தலைவரும் கோயில் கமிட்டியாரும் கூடித் தீர்த்து வைக்கிறீர்கள். கோழி தகராறு, தண்ணீர்ப் பீலியடியிலே வாய்ச்சண்டை, குடித்துவிட்டு ஏசியது இவற்றையெல்லாம் நீதிமன்றம்வரை கொண்டுபோனால் நாலு நாள் பேர் போய்விடும். நீங்கள் செய்யும் சமாதானம் பேருபகாரம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகளும் இந்த நோக்கத்திற்காகவே இருக்கின்றன.

ஆனால் சமாதானத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு பெண்பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்துவிட்டால், கமிட்டியிலே தண்டப்பணம் விதித்து, தேங்காய் உடைத்து, "மானம் போகாமல் முடித்துவிட்டோம்" என்று எழுந்துவிடலாமா? யாருடைய மானம் காப்பாற்றப்பட்டது? செய்தவனுடைய மானம்! பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை விஷயத்திலே, அவள் இசைந்தாள் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத் திருத்தம் கூறுகிறது. அப்படிப்பட்ட குற்றத்தைத் தீர்த்துவைக்க எந்தக் கமிட்டிக்கும் அதிகாரமில்லை. திருவாரூரிலே பசுவின் முறையீட்டுக்காகத் தன் மைந்தனையும் பொருட்படுத்தாத மனுநீதிச் சோழனைக் கொண்டாடும் நாம், நம் பிள்ளையின் முறையீட்டுக்கு மணி கட்டாமல் இருக்கலாமா?

வேலி பயிரை மேயாதிருக்க

வாலிபர் குழுக்களாகக் கூடித் தோட்டத்தைக் காக்கலாமே என்று நண்பர் சிலர் ஆர்வத்தோடு சொல்கிறார்கள். ஆர்வம் நல்லது. தமிழகத்து அனுபவம் ஒன்றை மட்டும் முன்வைக்கிறேன்.

1993ஆம் ஆண்டிலே இராமநாதபுரம் மாவட்டத்தில், அங்கே பொலிஸ் அத்தியட்சகராயிருந்த பிரதீப் பிலிப் அவர்கள், 'பொலிஸ் நண்பர்கள்' என்னும் திட்டத்தைத் தொடங்கினார். ஊர் வாலிபர் பொலிஸாரோடு சேர்ந்து விழிப்பாயிருப்பது, மக்களுக்கும் நிலையத்துக்கும் பாலமாயிருப்பது என்பது நோக்கம். திட்டம் மாநிலமெங்கும் பரவியது. 2020ஆம் ஆண்டு ஜூனிலே சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் பொலிஸ் காவலில் தாக்கப்பட்டு மாண்ட கொடுமையின்போது, இந்த இயக்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. இயக்கத்தைத் தொடங்கியவர் அதனை மறுத்தார். ஆயினும் அடுத்த மாதமே தமிழக அரசு அந்த இயக்கத்தைத் தடைசெய்தது.

படிப்பினை என்ன? காவலுக்கு நிற்பவனுக்குக் கண்ணும் காதும் வாயும் போதும்; கையிலே தடி வேண்டாம். பிடித்துக் கட்டவும், அடிக்கவும், விசாரிக்கவும் நமக்கு உரிமையில்லை. கள்வனேயானாலும் மரத்திலே கட்டி வைத்தால், அடுத்த நொடியிலே குற்றவாளி நாமே.

செய்யக் கூடியவை

வெறும் பேச்சோடு நின்றுவிடாமல், சங்கம் இவ்வாண்டிலேயே தொடங்கக் கூடிய ஐந்து காரியங்களைச் சொல்லி அமைகிறேன்.

முதலாவது, வாசிகசாலைச் சுவரிலே ஒரு செய்திப் பலகை. தொலைந்த பொருள், கிடைத்த பொருள், வைத்திய முகாம், மண்சரிவு எச்சரிக்கை, கொழுந்தெடுக்கும் மலையிலே குளவிக்கூடு கண்ட இடம் இவை அதிலே இடம்பெறட்டும். சந்தேகப்பட்டவர் பெயர் அதிலே வரவே கூடாது. பாலியல் தீங்குக்கு ஆளான பிள்ளையின் பெயரை வெளியிடுவது சட்டப்படியும் குற்றம்.

இரண்டாவது, ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு குறிப்பேடு. அதைத் தாய்மார் ஒருவரும் வாலிபர் ஒருவரும் பொறுப்பேற்று வைத்திருக்கட்டும். படிப்பைவிட்டு வெளியூர் போகும் பிள்ளையின் வயது, போகும் வீட்டின் முகவரி, அழைத்துப் போகிறவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம் இவற்றைப் பெற்றோரிடம் அன்பாகக் கேட்டு எழுதட்டும். வயது 16 ஆகவில்லையென்றால் பிள்ளை போகும் முன்னரே 1929 என்னும் சிறுவர் பாதுகாப்பு இலக்கத்துக்குச் சொல்லட்டும். பெண்களுக்கு நேரும் துன்பத்துக்கு 1938. பொலிஸ் அவசர இலக்கம் 119. இம்மூன்றையும் ஒவ்வொரு காம்பராக் கதவின் உட்புறத்திலும் எழுதிவைப்போம்.

மூன்றாவது, பகற்காவல். பென்சன் பெற்ற தாத்தாமாரும் பாட்டிமாரும் எப்படியும் ஸ்தோப்பிலேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு விசிலும் ஒரு தொலைபேசியும் கொடுத்து மதிப்போடு வேண்டிக்கொண்டால், அவர்களைவிடச் சிறந்த காவற்காரர் கிடைப்பாரா? வருகிறவன் யார் வீட்டு உறவு, எந்த ஊர் வியாபாரி என்பது அவர்களுக்கன்றோ தெரியும்!

நான்காவது, பொலிஸ் நிலையத்துக்குத் துணை. தமிழ் 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தால் இந்நாட்டின் ஆட்சிமொழியுமாயிற்று. ஆயினும் தமிழிலே அழுதுகொண்டு சொன்னதைச் சிங்களத்திலே எழுதி, வாசிக்கத் தெரியாதவரிடம் ஒப்பம் வாங்கும் நிலை இன்னும் அற்றுப்போகவில்லை. இரண்டு மொழியும் அறிந்த உறுப்பினர் ஒருவர் கூடப் போகட்டும். எழுதியதை உரக்க வாசித்துக் காட்டச் சொல்லிப் பணிவாகக் கேட்கட்டும். முறைப்பாட்டின் இலக்கத்தையும் நாளையும் குறித்துக்கொள்ளட்டும்.

ஐந்தாவது, முகவரி. பல தோட்டங்களில் கடிதம் தோட்டக் காரியாலயத்தோடு நின்றுவிடுகிறது. நீதிமன்ற அழைப்பு நாள் கடந்த பின்னர் கைக்கு வந்தால் வழக்கு என்னாவது? 2018ஆம் ஆண்டிலே பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டு, தோட்டங்களுக்கும் சபைகள் பணி செய்ய வழி திறந்திருக்கிறது. லயத்துக்கு இலக்கம், பாதைக்குப் பெயர், வளைவிலே ஒரு விளக்கு இவற்றைச் சபையிடம் எழுத்திலே கேட்போம். பெயரில்லாத பாதையிலே கள்வன் எளிதாக வருவான்; தபாற்காரர்தாம் வரமாட்டார்.

அன்பர்களே, இவற்றுள் எதற்கும் பெரும்பணம் வேண்டியதில்லை. ஒரு பலகை, சில கொப்பிகள், சில விசில்கள். வேண்டியது ஒன்றே: அடுத்த காம்பராவிலே நடப்பது எனக்குரிய விஷயம் என்னும் எண்ணம். சாவுக்குத் தப்படிக்கும் நாம் வாழ்வுக்கும் வாய் திறப்போமாக. தம்பிக்கும் தங்கைக்கும் நாமே காவல் என்று இச்சங்கம் இன்றே உறுதி கொள்ளுமாக.